கருவிக்குப் பஞ்சமில்லை

காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையில் வெள்ளம் வடிவதற்குள்ளேயே சென்னைக்கும் டெல்லிக்கும் வாக்குவாதம் மூண்டுவிட்டது. எச்சரிக்கை போதவில்லை என்றது மாநில அரசு. முன்கூட்டியே சொன்னோம் என்றது மத்திய அரசு. யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சண்டையிலிருந்து மக்கள் மனத்தில் தங்கிப்போன முடிவு ஒன்று உண்டு: தமிழ்நாட்டுக்குச் சொந்த ரேடார் வேண்டும், சொந்த சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டும், சொந்த மாடல் வேண்டும், இவை வந்துவிட்டால் மழை பற்றிய நம் குறை தீர்ந்துவிடும். 2022 மார்ச்சில் தாக்கலான மாநில நிதிநிலை அறிக்கையே வானிலைக் கணிப்புக் கருவிகளுக்கென்று 10 கோடி ரூபாயை அறிவித்திருந்தது. டெல்லியின் எண்ணமும் இதேதான்; தொகைதான் பெரிது. 2024 செப்டம்பரில் ‘மிஷன் மௌசம்’ திட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய் ஒப்புதல். அதே மாதம் புனேயிலும் நொய்டாவிலும் 850 கோடி ரூபாயில் அர்கா, அருணிகா என்ற இரு பெருங்கணினிகள். 2025 மே மாதம் ஆறு கிலோமீட்டர் நுணுக்கத்தில் பாரத் முன்னறிவிப்பு அமைப்பு. ஆனால் 2024-இன் தொடக்கத்தில், இந்திய வானிலை ஆய்வுத் துறை நாடெங்கும் வேளாண் அறிவியல் நிலையங்களில் நடத்திவந்த 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகளை மூடும்படி உத்தரவு வந்தது. தரவுகள் இப்போது தானாகவே திரள்கின்றன, மாவட்டந்தோறும் ஆள் எதற்கு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

சென்னையும் டெல்லியும் எதிரெதிரே நின்று வாதாடினாலும், இரண்டும் நம்புவது ஒன்றையே: கருவி வாங்குவதுதான் வானிலைச் சேவை. இந்த நம்பிக்கை தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். ரேடார் கூடாது என்று சொல்வது நோக்கமில்லை. புயலும் மேகவெடிப்பும் வரும் மணிநேரங்களில் ரேடார் உயிர் காக்கும். அதில் சந்தேகம் கிடையாது. ஆனால் ஒரு பருவம் முழுவதற்குமான மழையைப் பற்றி உழவருக்கும் கண்மாய் பார்ப்பவருக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் தேவைப்படும் தகவல் வேறு வகை. அந்தத் தகவலைத் தயாரிக்கும் கருவிகள் ஏற்கெனவே உலகத்துக்குப் பொதுவாக, பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கின்றன. கிடைக்காமல் இருப்பவை இரண்டு: சுத்தம் செய்யப்பட்ட உள்ளூர் மழைப் பதிவு; அதை வைத்துக் கணக்குப் போடப் பழகி, அதே ஊரில் நிலைத்திருக்கும் ஆள். இவ்விரண்டையும் விட்டுவிட்டு எத்தனை கோடிக்கு இயந்திரம் வாங்கினாலும் சிவகங்கை மாவட்டத்துக்குப் பயன் வராது.

அந்த மாவட்டத்தின் செட்டிநாட்டுப் பகுதியில் ஒரு பருவம் எப்படித் தீர்மானமாகிறது என்று பார்ப்போம். சிவகங்கை மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, காளையார்கோவில் பக்கம் நெல் பெரும்பாலும் ஒரு போகம். அதற்கும் வானத்தையும் கண்மாயையும் நம்பியிருக்க வேண்டும். கண்மாய் பெருகும்வரை காத்திருந்து நாற்று விட்டால் பட்டம் தவறிவிடும் என்பதால், ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் காய்ந்த நிலத்தில் புழுதி உழவு உழுது விதையைத் தூவிவிடுகிறார்கள். முதல் நல்ல மழையில் முளைக்கும். பின் மழை தொடர்ந்தால் பயிர் நிற்கும். கண்மாய்க்கு வரத்து வந்தால் கதிர் முற்றும்வரை மடைத்தண்ணீர் தாங்கும். ஆபத்து எங்கே என்றால், புரட்டாசியில் ஓர் இடிமழை பெய்து விதை முளைத்துவிட்டு, அதன்பின் இருபது நாள் வெயில் காய்வதில்தான். முளைத்த பயிர் கருகும். மறுவிதைப்புக்கு விதையும் உழவுக்கூலியும் மீண்டும் வேண்டும். கடன் வாங்கி விதைத்தவருக்கு அந்த இரண்டாவது செலவுதான் முதுகெலும்பை முறிப்பது. ஆகவே இங்குள்ளவர் கேட்கும் கேள்வி, இந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை இயல்பா, குறைவா என்பது மட்டுமில்லை. புரட்டாசி மழையை நம்பலாமா? ஐப்பசி இரண்டாம் வாரம்வரை பொறுத்தால் எத்தனை ஆண்டுகளில் பட்டம் தவறியிருக்கிறது? நூறு, நூற்றைந்து நாளில் விளையும் அண்ணா 4 போன்ற குறுகிய கால ரகத்தைப் போட்டால் மார்கழிக் கடைசி வறட்சியிலிருந்து தப்பலாமா? ஆயக்கட்டு முழுவதையும் விதைப்பதா, பாதியோடு நிறுத்துவதா?

தேசிய அளவில் வெளியாகும் முன்னறிவிப்பு இந்தக் கேள்விகளில் எதற்கு விடை சொல்கிறது? தென்மேற்குப் பருவமழைக்கு ஏப்ரலிலேயே முதல் கணிப்பும் மே இறுதியில் திருத்திய கணிப்பும் வருகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான கணிப்போ செப்டம்பர் கடைசி நாளிலோ அக்டோபர் முதல் நாளிலோதான் வருகிறது. அதற்குள் செட்டிநாட்டில் விதை மண்ணுக்குள் போய்விட்டிருக்கும். வருவதும் தென் தீபகற்பத்தின் ஐந்து வானிலை உட்பிரிவுகளைச் சேர்த்த சராசரிக்கும் தமிழ்நாடு முழுமைக்கும் உரியது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வானிலைத் துறையின் புகழ்பெற்ற கட்டவாரியான மழைத் தரவு 1901 முதல் கிடைக்கிறது. ஆய்வாளர்களுக்கு அது பெருஞ்செல்வம். ஆனால் அதன் ஒரு கட்டம் கால் பாகை அகலம், அதாவது பக்கத்துக்கு 27 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 4,000 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் சிவகங்கை மாவட்டம் அத்தகைய ஐந்தாறு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். இங்குள்ள ஒரு சிறு கண்மாயின் நீர்பிடிப்போ சில சதுர கிலோமீட்டர். புரட்டாசி இடிமழை ஒரு கண்மாயைப் பெருக்கிவிட்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பதைக் காயவிட்டுப் போகும். கணினியின் கட்டத்தை 27-லிருந்து ஆறு கிலோமீட்டருக்குக் குறைத்ததால் இந்த வேறுபாடு தெரிந்துவிடாது. அந்த ஆறு கிலோமீட்டர்க் கணக்கைச் சரிபார்க்கத் தரையில் பதிவு வேண்டும்.

இனி, பொதுவாகக் கிடைக்கும் கருவிகள். 2009-இல் ஜெனீவாவில் நடந்த மூன்றாவது உலகக் காலநிலை மாநாடு காலநிலைச் சேவைகளுக்கான உலகளாவிய கட்டமைப்பை உருவாக்க முடிவு செய்தது. முன்னேறிய நாடுகளின் நுட்பம் ஏழை நாடுகளின் வானிலைத் துறைகளுக்கும் எட்ட வேண்டும் என்பதே அதன் சாரம். அதையொட்டி 2010 ஏப்ரலில் புனேயில் தெற்காசியக் காலநிலை முன்னோக்கு மன்றம் முதன்முறை கூடியது. அதன்பின் இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம் முதலிய நாடுகளின் வானிலையாளர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே மென்பொருளில் தத்தம் நாட்டு மழைப் பதிவைக் கடல் வெப்பநிலையோடு பொருத்திப் பார்த்துப் பருவக் கணிப்பைத் தயாரிக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஐ.ஆர்.ஐ. நிறுவனம் எழுதி இலவசமாக வழங்கும் சி.பி.டி. அத்தகைய மென்பொருள். மழைப் பதிவுகளைச் சேமித்துச் சரிபார்க்க கிளிம்சாஃப்ட் இருக்கிறது. அது ஆப்பிரிக்க வானிலைத் துறைகளின் கூட்டு உழைப்பில் வளர்ந்த திறந்த மென்பொருள். தினசரி மழையிலிருந்து பருவத் தொடக்கம், இடைவறட்சி, மழைநாள் கணக்கு எடுக்க ஆர்-இன்ஸ்டாட் இருக்கிறது. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அந்த மரபைக் கென்யாவில் கணிதம் கற்பிப்பவர்கள் இப்போது வளர்த்துவருகிறார்கள். இவற்றுக்கு சூப்பர் கம்ப்யூட்டர் தேவையில்லை. கல்லூரி மாணவர் வைத்திருக்கும் மடிக்கணினி போதும்.

அந்த மடிக்கணினியில் என்ன செய்யலாம் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். ஓர் ஊரின் நாற்பது ஆண்டுத் தினசரி மழைப் பதிவு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புரட்டாசி முதல் தேதியிலிருந்து தொடங்கி, அடுத்தடுத்த மூன்று நாளில் சேர்ந்து 20 மில்லிமீட்டர் பெய்யும் முதல் சந்தர்ப்பத்தை முளைப்பு மழை என்று குறிக்கிறோம். அதன்பின் முப்பது நாளுக்குள் தொடர்ச்சியாகப் பத்து நாள் மழையில்லாமல் போயிருந்தால் அதைப் பொய்த் தொடக்கம் என்று குறிக்கிறோம். நாற்பது ஆண்டையும் இப்படிக் குறித்துவிட்டால், எத்தனை ஆண்டுகளில் முதல் மழை ஏமாற்றியது, எத்தனை ஆண்டுகளில் நிலைத்தது, எந்தத் தேதிக்குப் பிறகு ஏமாற்றம் குறைகிறது என்பதெல்லாம் ஒரு பிற்பகலில் தெரிந்துவிடும். எல் நினோ ஆண்டுகளைத் தனியே பிரித்தும் பார்க்கலாம். இதில் மென்பொருள் செய்வது எண்ணிக்கை மட்டுமே. இருபது மில்லிமீட்டரா பதினைந்தா, பத்து நாளா ஏழா என்று முடிவு செய்வது மண்ணையும் பயிரையும் அறிந்தவர். செம்புறாங்கல் கலந்த செட்டிநாட்டுச் செம்மண் ஈரத்தை விரைவில் விட்டுவிடும். கோவில்பட்டிக் கரிசல் பல நாள் பிடித்துவைத்திருக்கும். கரிசலுக்குப் பத்து நாள் என்று வைத்த அளவை அப்படியே காரைக்குடிக்குப் பொருத்தினால் கணக்குப் பிழைக்கும். அந்தக் கணக்கை நம்பி விதைத்தவரின் பயிரும் கருகும். தமிழ்நாட்டின் தென்மண்டலத்துக்கான வேளாண் வானிலைக் கள அலகு இருப்பது கோவில்பட்டியில். அங்கிருந்து காரைக்குடிக்குச் சாலைவழி 150 கிலோமீட்டருக்கு மேல். அங்கே பணியாற்றுபவர்களின் திறமையில் குறையில்லை. அவர்கள் நிற்கும் மண்ணும் நாம் நிற்கும் மண்ணும் வேறு என்பதுதான் சிக்கல். மாவட்ட அலகுகளின் தேவை இதில்தான் பிறந்தது. தரவு தானாகத் திரள்கிறது என்பதற்காக அவற்றை மூடியவர்கள், தரவு திரட்டுவதை மட்டுமே வேலை என்று எண்ணிவிட்டார்கள். அலகுக்கு இருவர் என்று 2018 முதல் நியமிக்கப்பட்ட அந்த ஒப்பந்தப் பணியாளர்களின் முதன்மையான வேலை, செவ்வாயும் வெள்ளியும் வரும் முன்னறிவிப்பை அந்த வாரம் அந்த மாவட்டத்தில் பயிர் எந்த நிலையில் நிற்கிறது என்பதோடு சேர்த்து அறிவுரையாக்குவது. தானியங்கி நிலையம் அதைச் செய்யாது.

தரவு உண்மையிலேயே தானாகத் திரள்கிறதா என்பதையும் கேட்டாக வேண்டும். தாலுகா அலுவலக வளாகத்தில் நிற்கும் சாதாரண மழைமானியை எடுத்துக்கொள்வோம். காலை 8.30 மணிக்கு ஒருவர் வந்து, சேர்ந்திருக்கும் நீரை அளவுக் குவளையில் ஊற்றி, எண்ணைக் குறித்து, மாவட்டத் தலைமையிடத்துக்கு அனுப்புகிறார். அந்த நீரில் பெரும்பகுதி முந்தைய நாள் மாலையிலும் இரவிலும் விழுந்தது; பதிவில் அது இன்றைய தேதியில் ஏறும். ஒருவர் இன்றைய தேதியில் எழுதி, அடுத்து வந்தவர் நேற்றைய தேதியில் எழுதினால், அண்டை நிலையங்களோடு ஒப்பிடும்போது ஒரே மழை இரண்டு நாளாகத் தெரியும். தீபாவளி விடுமுறை ஐப்பசி மழையின் உச்சத்தில் வருகிறது; மூன்று நாள் யாரும் வராவிட்டால் மூன்று நாள் மழையும் நான்காம் நாளில் ஒரே எண்ணாக ஏறும். அப்போது இடைவறட்சிக் கணக்கும் பெருமழைக் கணக்கும் சேர்ந்தே கெடும். எல்லாவற்றிலும் கொடியது, மழை இல்லாத நாளையும் அளக்காத நாளையும் ஒரே மாதிரி வெற்றாக விடுவது. அதைச் சுழியம் என்று கணினி படித்தால் வறட்சி இல்லாத ஆண்டில் வறட்சி தோன்றும். தானியங்கி மழைமானிக்கு இந்த நோய்கள் இல்லை. அதற்கு வேறு நோய்கள் உண்டு. உள்ளே இருக்கும் கவிழ் குவளையின் வாயில் சருகும் பறவை எச்சமும் அடைத்தால், கொட்டும் மழையிலும் அது சுழியம் காட்டும். மிகக் கடுமையாகப் பெய்யும்போது குவளை கவிழும் வேகம் மழைக்கு ஈடு கொடுக்காமல் அளவு குறையும். போய்த் துடைத்து, பக்கத்துக் கைமானியோடு ஒப்பிட்டு, பிழையைக் குறித்துவைக்க ஆள் வேண்டும்.

மாநில அரசு 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் நிறுவியிருப்பது பாராட்டத்தக்கது. வேளாண் பல்கலைக்கழகம் வட்டார அளவில் ஏற்கெனவே தனி வலைப்பின்னல் வைத்திருக்கிறது. பயிர்க் காப்பீட்டை முன்னிட்டு மத்திய அரசு 2023-இல் இன்னொன்றை அறிவித்தது. வருவாய்த் துறை, நீர்வளத் துறை, இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவு. இத்தனையும் ஒரே இடத்தில் ஒரே வடிவில் சேர்க்கப்பட்டு, பிழை நீக்கப்பட்டு, ஒரு பள்ளி ஆசிரியரோ விவசாயச் சங்கமோ பதிவிறக்கிக்கொள்ளும்படி கிடைத்தால், அது இன்னொரு ரேடாரை விடப் பெரிய சொத்து. இதற்கு முன்னுதாரணம் நம்மைவிடப் பலமடங்கு துன்பப்பட்ட நாட்டில் இருக்கிறது. ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகு மழை அளக்கும் நிலையங்கள் பெரும்பாலும் செயலற்றுப்போய், சுமார் பதினைந்து ஆண்டுப் பதிவில் பெரிய ஓட்டை விழுந்தது. அந்நாட்டு வானிலைத் துறையினர் எனாக்ட்ஸ் என்ற முறையில் பயிற்சி பெற்று, எஞ்சிய நிலையப் பதிவுகளைச் செயற்கைக்கோள் மழை மதிப்பீட்டோடு இணைத்து, தொடர்ச்சியான வரலாற்றைத் தாங்களே மீட்டெடுத்தார்கள். பிறகு விரிவாக்கப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து, அவரவர் பகுதியின் மழை வரைபடங்களை உழவர் கையில் கொடுத்துப் பருவத்துக்கு முன்பே திட்டமிட வைத்தார்கள். இதே வழி கானாவிலும் தான்சானியாவிலும் நடந்தது. அவர்கள் கையாண்டது எல்லாருக்கும் பொதுவான கருவிகளையே. அவர்களைக் கரையேற்றியது தொடர்ந்த பயிற்சி.

தமிழ்நாட்டில் பொதுக் கருவி நுழைந்ததே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் பருவந்தோறும் மாவட்டவாரியாக மழைக் கணிப்பு வெளியிடுகிறது. சிவகங்கைக்கும் அதில் ஓர் எண் உண்டு. தென்பகுதிக் கடல் காற்றழுத்த வேறுபாட்டையும் கடல் மேற்பரப்பு வெப்பநிலையையும் அடிப்படையாகக் கொண்டு ஆஸ்திரேலியாவின் ரெயின்மேன் மென்பொருளில் அதைக் கணக்கிடுகிறார்கள். குவீன்ஸ்லாந்து உழவருக்காக எழுதப்பட்ட ஒரு நிரல் தமிழ்நாட்டு மாவட்டக் கணிப்புக்கு உதவியது. அங்கே கற்றுவந்தவர்கள் இங்கே கற்றுக்கொடுத்து, ஆண்டுதோறும் விடாமல் செய்துவருகிறார்கள். இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை: பெருங்கணினி இல்லாமல், பகிர்ந்த கருவியும் பயின்ற ஆளும் இருந்ததால் மாவட்ட அளவில் ஒரு சேவை நின்றது. அதன் வரம்பும் அதிலேயே தெரிகிறது. அந்த நிரல் 2000-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. பின்வந்த முறைகளுக்கு அதை மாற்றிக்கொள்ளும் உரிமை நம் கையில் இருந்ததில்லை. கணிப்பும் கோயம்புத்தூரோடு நின்றுவிடுகிறது. மாவட்ட எண்ணை எடுத்து, கண்மாய்க்கும் ரகத்துக்கும் விதைப்புத் தேதிக்கும் பிரித்துச் சொல்லும் அடுத்த படியில் யாரும் இல்லை.

இனி எதிர்வாதங்கள். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு இதெல்லாம் பழைய கதை என்கிறார்கள். 2025-இல் மத்திய வேளாண் அமைச்சகம் கூகுளின் நியூரல்ஜிசிஎம், ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் செயற்கை நுண்ணறிவு மாடல் ஆகியவற்றைக் கொண்டு பருவமழைத் தொடக்கத்தைக் கணித்து, 13 மாநிலங்களில் 3.8 கோடி உழவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது உண்மை. அது நல்ல முயற்சி. ஆனால் அது சம்பா நிலத்துக்கும் புழுதி விதைப்புக்கும் உரிய வடகிழக்குப் பருவமழையைப் பற்றியது இல்லை. ஜூன் மாதத் தென்மேற்கு மழையைப் பற்றியது. அங்கேயும் மாடல் தானாக இயங்கிவிடவில்லை. விதைக்க உகந்த தொடக்கம் என்றால் என்ன என்று முதலில் மனிதர்கள் வரையறுத்தார்கள். பல மாடல்களைப் பழைய ஆண்டுகளின் மழைப் பதிவோடு ஒப்பிட்டுத் தேறாதவற்றை ஒதுக்கினார்கள். அந்தப் பழைய பதிவு இல்லாவிட்டால் எந்த மாடல் தேறியது என்று சொல்லவே முடியாது. வடகிழக்குப் பருவமழையோ விதிக்கு எளிதில் அடங்காதது. எல் நினோ வந்தால் தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழை கூடும் என்பது பொதுவான நியதி. 2015-இல் அப்படியே நடந்தது, இயல்பைவிட 53 சதவீதம் அதிகம். மறு ஆண்டே 62 சதவீதம் பற்றாக்குறை. 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 168 மட்டுமே. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. நியதியை முற்றாக நம்பியவரை 2021 கவிழ்த்தது: எல் நினோவுக்கு நேர் எதிரான லா நினா ஆண்டாக இருந்தும் 59 சதவீதம் கூடுதல். இப்படிப்பட்ட பருவத்தில் குறைவு, இயல்பு, மிகுதி ஆகியவற்றுக்கு நாற்பது, முப்பத்தைந்து, இருபத்தைந்து சதவீதம் என்று கணினி தரும் மூன்று நிகழ்தகவுகளை, ‘இந்த ஆண்டு மழை குறையும்’ என்று ஒற்றை வரியாகச் சுருக்கிவிட்டால் உழவருக்குத் தீங்கே மிஞ்சும். அந்த மூன்று எண்களையும் அவற்றின் நம்பகத்தோடு சேர்த்து விளக்கப் பழகிய ஒருவர் மாவட்டத்தில் இருந்தாக வேண்டும்.

வெளிநாட்டுக் கருவியை நம்புவது அடிமைத்தனம் என்பது இன்னொரு வாதம். இதில் உணர்ச்சி நியாயமானது, முடிவு தலைகீழ். நிரலைத் திறந்து பார்த்து, மாற்றி, தமிழில் வரைபடம் வரும்படி திருத்திக்கொள்ளத் தடையில்லாத மென்பொருளில் என்ன அடிமைத்தனம்? அடிமைப்படுத்துவது சந்தா. 2020-இல் கேரள அரசு தனியார் வானிலை நிறுவனங்களிடம் ஓராண்டுக்குக் கணிப்புகளை விலைக்கு வாங்கியது. அப்படி வாங்குபவருக்கு முடிவு மட்டும் கிடைக்கும். அது எப்படி வந்தது என்பது கிடைக்காது. பணம் நின்றால் கணிப்பும் நிற்கும். மேலும் தொண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரே மேகக்கூட்டம்தான் மழை தருகிறது. பாக் நீரிணையின் இரு கரையிலும் அதே மாதங்களில் அதே கடலை நம்பி விதைக்கிறார்கள். இலங்கை வானிலைத் துறை பெரும்போகத்துக்குப் பார்க்கும் கடல் வெப்பநிலையும் நாம் பார்ப்பதும் ஒன்றே. இதில் தனித்தனி மாடலைக் கட்டி எழுப்புவதால் இரு கரைக்கும் அறிவு கூடாது. பதிவையும் பயிற்சியையும் பகிர்ந்தால் கூடும்.

பயிற்சிதான் ஏற்கெனவே கொடுக்கிறார்களே என்று கேட்கலாம். கொடுக்கிறார்கள், புனேயில் உலக வானிலை அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையமே இருக்கிறது. கோளாறு பயிற்சியின் தரத்தில் இல்லை, அதற்குப் பின்னால் நடப்பதில் இருக்கிறது. ஐந்து நாள் பயிலரங்கில் அயல்நாட்டு மாதிரித் தரவை வைத்து மென்பொருளைப் பழகி, சான்றிதழோடு ஊர் திரும்புகிறவருக்குச் சொந்த மாவட்டத்தின் தரவு கிடைப்பதில்லை. அதைக் கேட்டு எழுத அவருக்கு அதிகாரமும் இல்லை. அடுத்த ஆண்டு அவர் இடமாறுதலில் போகிறார், அல்லது ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்குப் போகிறார். புதிதாக வருபவருக்கு மீண்டும் முதல் பாடம். ஒரு பருவக் கணிப்பைத் தயாரித்து, பருவம் முடிந்தபின் அது பலித்ததா என்று தானே சரிபார்த்து, தவறிய இடத்தைக் கண்டு, மறு ஆண்டு திருத்துவது என்ற சுற்றை நான்கைந்து முறையாவது ஒரே ஊரில் ஒரே ஆள் செய்தால்தான் கைத்திறன் படியும்.

செலவு பற்றியும் சொல்லிவிட வேண்டும். மாவட்டத்துக்கு இருவர், அவர்களின் சம்பளம், பயணம், கணினி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும், 38 மாவட்டங்களுக்கும் 7 கோடியே 60 லட்சம். கருவிகளுக்கென்று 2022-இல் மாநிலம் அறிவித்த தொகையைவிடக் குறைவு. கருவி வாங்குவது ஒரு முறைச் செலவு, சம்பளம் ஆண்டுதோறும் வரும் சுமை என்று நிதித் துறை சொல்லும். பராமரிப்பு ஒப்பந்தமும் மின்கட்டணமும் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிய கணினியும் ஆண்டுச் சுமை இல்லையா? கருவிக்குத் திறப்பு விழா உண்டு, பணியிடத்துக்கு இல்லை என்பதைத் தவிர இரண்டுக்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

உழவர்கள் இதையெல்லாம் கேட்க மாட்டார்கள், பாட்டன் காலத்துப் பட்ட அறிவே அவர்களுக்குப் போதும் என்பது கடைசி வாதம். மரியாதை போலத் தோன்றும் புறக்கணிப்பு. பட்டம் என்பதே தலைமுறை தலைமுறையாகக் கண்ட மழையின் சுருக்கம். அந்தச் சுருக்கம் பழைய மழைக்குப் பொருந்தியது. மழை நாட்கள் இடம் மாறும் காலத்தில் அதைச் சரிபார்த்துக்கொள்ள உழவருக்கு உரிமை உண்டு. கலுங்கில் கடைசியாக எந்த ஆண்டு மறுகால் பாய்ந்தது என்று தேதியோடு சொல்லும் பெரியவர்கள் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் தாலுகாப் பதிவையும் ஒரே தாளில் வைத்துப் பேசும் ஒருவர் வந்தால் கேட்பார்கள். மாநில சராசரியைக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிட்டு, கேட்கவில்லை என்று குறை சொல்வது முறையில்லை.

இதற்கு வேண்டிய இடங்கள் செட்டிநாட்டிலேயே இருக்கின்றன. செட்டிநாடு என்ற பெயருள்ள ஊரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம், கணினியும் புள்ளியியலும் படிக்கும் மாணவர்களோடு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை இந்த வறண்ட பூமிக்கு வரவழைத்தார். அறிவு நிறுவனம் பெருநகரத்தில்தான் நிற்கும் என்ற எண்ணத்தை இந்த ஊர் அன்றே மறுத்திருக்கிறது. மாநில அரசு செய்ய வேண்டியவை இவைதான். மாவட்டத்தின் எல்லாத் துறை மழைப் பதிவுகளையும், தாலுகா அலுவலகப் பழைய பேரேடுகள் உட்பட, கணினியில் ஏற்றி, பிழை நீக்கி, பொதுவில் வையுங்கள். குன்றக்குடியிலோ செட்டிநாட்டிலோ இரண்டு நிரந்தரப் பணியிடங்களை உண்டாக்கி, ஐந்தாண்டுக்கு இடமாறுதல் இல்லை என்று எழுத்தில் கொடுங்கள். அவர்களுக்குப் புனேயின் பயிற்சியை இந்த மாவட்டத்துத் தரவிலேயே கொடுங்கள். ஆவணி பிறக்கும் முன் முதல் கணிப்பும், புரட்டாசியில் திருத்திய கணிப்பும், தை மாதத்தில் எது பலித்தது எது தவறியது என்ற கணக்கும் ஊராட்சிதோறும் ஒட்டப்பட வேண்டும் என்று ஆணையிடுங்கள். ரேடாருக்கான டெண்டர் அதன் பாட்டுக்கு நடக்கட்டும். இந்த இரண்டு பணியிடங்களுக்கான கோப்பு அதற்கு முன்பே கையெழுத்தாக வேண்டும்.